நீந்துவார், ஆனால் நகரார்!

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

முன்னேறிச் செல்லாமல் நீந்த முடியுமா? முடியும் என்கிறது இயற்பியல். நீந்துபவரின் இடுப்பில் ஒரு பட்டை. பட்டையில் ஒரு ரப்பர்க் கயிறு. கயிற்றின் மறுமுனை கரையில் நட்ட கம்பத்தில். அவர் எவ்வளவு விசையுடன் நீரைப் பின்னுக்குத் தள்ளுகிறாரோ, அவ்வளவு விசையுடன் நீர் அவரை முன்னுக்குத் தள்ளுகிறது. நியூட்டனின் மூன்றாம் விதி இது. அதே அளவுக்குக் கயிறு பின்னே இழுப்பதால், ஆள் இருந்த இடத்திலேயே நீந்திக்கொண்டிருக்கிறார்.

அமெரிக்காவில் பல வீடுகளின் பின்புறத்தில், பள்ளம் தோண்டாமல் தரையின் மேலேயே தகட்டுச் சுவரை வட்டமாக நிறுத்தி, உள்ளே பிளாஸ்டிக் விரிப்புப் போட்டு, நீர் நிரப்பி வைத்திருக்கிறார்கள். 18 அடி விட்டமுள்ள குளத்தில் நாலு கை வீசினால் எதிர்ச்சுவர் வந்துவிடும். அதனால்தான் அங்கே இந்தக் கயிறு தேவைப்படுகிறது. ஒரு கம்பம் நடுவதற்கு ஒரு கட்டுரையா என்று வகுப்புத் தோழர் ஒருவர் சிரித்தார். கணக்கைப் போட்டுக் காட்டியபின் அவர் சிரிக்கவில்லை. அந்தக் கணக்கை இங்கே தருகிறேன்.

கயிற்றைக் குளத்தின் சுவரிலேயே கட்டிவிட்டால் என்ன என்றுதான் யாருக்கும் முதலில் தோன்றும். கூடவே கூடாது. 18 அடி விட்டம், 1.2 மீட்டர் ஆழம் என்றால் உள்ளே இருக்கும் நீர் சுமார் 28 டன். அதைத் தாங்கும் தகட்டின் தடிப்போ ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. மாட்டுவண்டிச் சக்கரத்தின் இரும்புப் பட்டாவைப் போல, வட்டம் முழுவதும் சமமாக இழுபட்டு நிற்பதுதான் அதன் பலம். சுவரின் அடிப்பகுதியில் ஒரு சென்டிமீட்டர் அகலமுள்ள பட்டையில் மட்டும் ஏறக்குறைய 33 கிலோ எடைக்குச் சமமான இழுவிசை இருக்கிறது. நான்கு பக்கமும் சமமாக வரும் விசையைத் தாங்கும் அத்தகடு, ஓரிடத்தில் மட்டும் விட்டுவிட்டு இழுத்தால் நெளியும். நெளிந்த இடத்தில் வட்டம் கெடும். வட்டம் கெட்டால் 28 டன் நீரும் வெளியே பாயும். குளத்து ஏணியில் கட்டுவதும் ஏறக்குறைய இதே கதைதான். ஆகவே கம்பம் தனியாகத் தரையில் நிற்க வேண்டும்.

எவ்வளவு தள்ளி? சுவரை ஒட்டிக் குழி தோண்டினால் சுவரின் காலடி மண் தளர்ந்துவிடும். மற்றொரு காரணமும் உண்டு. நீரைச் சுத்தம் செய்யும் பம்பு மின்சாரத்தில் ஓடுகிறது. குளத்தின் உட்சுவரிலிருந்து 5 அடிக்குள் நிலையாக நிற்கும் உலோகப் பொருள்களைச் செப்புக் கம்பியால் ஒன்றோடொன்று பிணைக்க வேண்டும் என்று அந்நாட்டு மின் விதித்தொகுப்பின் 680ஆம் பிரிவு கூறுகிறது. எனவே 1.8 மீட்டர் (6 அடி) தள்ளி நடுவது நல்லது. குழி தோண்டுமுன் மண்ணுக்குள் மின்கம்பியோ எரிவாயுக் குழாயோ போகிறதா என்று அறிய அங்கே 811 என்ற தொலைபேசி எண் 2007 முதல் இருக்கிறது.

அடுத்து உயரம். குளத்தின் விளிம்பு 1.3 மீட்டர் உயரம். கயிறு அதில் உரசக் கூடாது. கம்பத்தில் 1.8 மீட்டர் உயரத்தில் கொக்கியை மாட்டினால், நீந்துபவரின் இடுப்பு சுவரிலிருந்து 3 மீட்டர் உள்ளே இருக்கும்போது, கயிறு விளிம்புக்கு மேல் ஒரு சாணுக்கும் அதிகமான இடைவெளி விட்டுச் செல்லும். கால்களிலும் அவ்வளவாகத் தட்டாது. ஆனால் உயரத்துக்கு ஒரு விலை உண்டு. பழகிய நீச்சல்காரர் 20 கிலோ எடைக்குச் சமமான விசையுடன் இழுத்தால், தரைமட்டத்தில் அதன் திருப்புத்திறன் 20 × 1.8 = 36 கிலோ-மீட்டர். கம்பத்தை வேரோடு சாய்க்கப் பார்ப்பது இதுதான்.

இதற்கு விடை ஆழம். குழி ஆழமாக ஆக, எதிர்த்து நிற்கும் மண்ணின் பரப்பும் கூடுகிறது; அந்த எதிர்ப்பு செயல்படும் நெம்புகோலின் நீளமும் கூடுகிறது. எங்கள் தந்தையார் பள்ளிக்கூடம் போனதில்லை. வேலிக்குக் கல்லுக்கால் நடும்போது, மூன்றில் ஒரு பங்கு மண்ணுக்குள் போகவேண்டும் என்பது அவர் கணக்கு. 1.8 மீட்டர் வெளியே நிற்க 0.9 மீட்டர் உள்ளே. நான் தாளில் போட்ட கணக்கும் அதற்கு முரணாக வரவில்லை. 30 சென்டிமீட்டர் அகலம், 90 சென்டிமீட்டர் ஆழமுள்ள குழியில் இரண்டு அங்குல ஜி.ஐ. குழாயைத் தூக்குநூல் பிடித்து நிறுத்தி, 1:2:4 கலவைக் கான்கிரீட்டை நிரப்பிக் குத்திவிட வேண்டும். ஏழு நாள் ஈரம் காயாமல் நனைக்க வேண்டும். முழு வலுவை 28 நாளில்தான் கணக்கிடுவார்கள். அதுவரை பொறுக்கலாம், குளம் எங்கும் ஓடிவிடாது!

கயிறு ரப்பராக இருப்பதற்கும் காரணம் உண்டு. கை வீசும்போது இழுப்பு துடிப்புத் துடிப்பாக வருகிறது. நீளாத கயிறு ஒவ்வொரு துடிப்பையும் வெட்டி இழுக்கும், இடுப்பு வலிக்கும். ரப்பர் அதை மெல்ல வாங்கிக்கொள்ளும்.

எங்கள் ஊர்க் கிணற்றில் பிள்ளைகளுக்கு நீச்சல் பழக்கும்போதும் இடுப்பில் கயிறு கட்டுவார்கள். மறுமுனை தாத்தாவின் கையில் இருக்கும். பிள்ளை திணறினால் அந்தக் கை இழுக்கும். கயிறு சுற்றிக்கொண்டால் தளர்த்தும். கம்பத்துக்கு இந்த இரண்டும் தெரியாது. அதனால் இடுப்புப் பட்டையை ஒரே கையால் சட்டென்று அவிழ்க்க முடிய வேண்டும். கயிற்றில் நீந்தும்போது கரையில் ஓர் ஆள் இருக்கவே வேண்டும். நீந்தி முடித்ததும் கயிற்றைக் கழற்றி வீட்டுக்குள் வைத்துவிட வேண்டும். தொங்கும் கயிறு குழந்தைகளைக் கூப்பிடும்.

முதல் நாள் யாரும் நீரில் இறங்குமுன், கம்பத்தின் அடியில் கான்கிரீட்டைச் சுற்றி மண்ணில் ஒரு கோடு கீறிவிட்டு, ரப்பருக்குப் பதிலாகச் சாதாரணக் கயிற்றைக் கொக்கியில் கட்டி, இரண்டு பேர் குளத்தின் பக்கமாகப் பலங்கொண்ட மட்டும் இழுத்துப் பார்க்கட்டும். கோட்டுக்கும் கான்கிரீட்டுக்கும் இடையே விரிசல் தெரிந்தால் குழி போதவில்லை. வெயிலும் குளோரின் நீரும் ரப்பரைத் தின்னும். ஆகவே ஒவ்வொரு முறையும் கயிற்றை விரல்களுக்கிடையே உருவி, வெடிப்பு இருக்கிறதா என்று பார்த்த பிறகே பட்டையில் மாட்ட வேண்டும்.