விபத்துக்குப் பிறகு என்ன கேட்க வேண்டும்?



2025 ஜூன் 12 அன்று அகமதாபாத்தில் இருந்து லண்டனுக்குக் கிளம்பிய விமானம், மேலே ஏறிய கொஞ்ச நேரத்திலேயே விழுந்து எரிந்தது. விமானத்தில் இருந்த 242 பேரில் ஒருவர் மட்டுமே பிழைத்தார். கீழே இருந்தவர்களையும் சேர்த்து 260 பேர் இறந்து போனார்கள். அப்போது டீக்கடையிலும் பஸ்ஸிலும் எல்லாரும் கேட்டது ஒரே கேள்விதான்: "யார் மேல தப்பு?"

ஆனால் விமான விபத்தை விசாரிக்கிறவர்கள் வேறு கேள்வி கேட்கிறார்கள்: "ஏன் நடந்தது? இனிமேல் நடக்காமல் இருக்க என்ன செய்யணும்?" விசாரணையின் நோக்கம் அடுத்த விபத்தைத் தடுப்பதுதான், பழி போடுவது இல்லை என்று உலக நாடுகள் சேர்ந்து விதி எழுதி வைத்திருக்கின்றன. நம் நாட்டில் இந்த வேலைக்கென்றே விமான விபத்து விசாரணைப் பணியகம் 2012-இல் தொடங்கப்பட்டது.

அவர்களுக்குப் பெரிய உதவி கருப்புப் பெட்டி. விமானம் எவ்வளவு உயரத்தில், என்ன வேகத்தில் பறந்தது, விமானிகள் என்ன பேசினார்கள் என்பதெல்லாம் அதில் பதிவாகி இருக்கும். நெருப்பிலும் தண்ணீரிலும் கெடாத மாதிரி அதைச் செய்கிறார்கள்.

இப்படி விபத்துகளில் இருந்து கிடைத்த மூன்று பாடங்களைப் பார்ப்போம்.

1. தெரியவில்லை என்றால் இறங்காதே

முதல் விபத்து நம்ம பக்கத்துக்காரர் ஒருவரைக் கொண்டு போனது. திருச்செங்கோடு பக்கம் குமாரமங்கலம் ஜமீன் குடும்பத்தைச் சேர்ந்த மோகன் குமாரமங்கலம் மத்திய உருக்கு, சுரங்கத் துறை அமைச்சராக இருந்தார். 1973 மே 31 அன்று அவர் சென்னையில் இருந்து டெல்லிக்குப் போன விமானம், டெல்லியில் இறங்கும்போது உயர் அழுத்த மின்கம்பியில் மோதி விழுந்தது. 65 பேரில் அவரோடு சேர்த்து 48 பேர் இறந்தார்கள்.

அன்று இரவு வானிலை மோசம், சரியாகக் கண் தெரியவில்லை. இறங்கும் விமானத்துக்கு ஒரு உயரம் குறித்து வைத்திருப்பார்கள். அந்த உயரத்துக்கு வந்தும் ஓடுபாதை கண்ணுக்குத் தெரியவில்லை என்றால், உடனே மறுபடி மேலே ஏறிவிட வேண்டும். அன்று ஓடுபாதை தெரியாமலேயே அந்த உயரத்துக்குக் கீழே வந்துவிட்டார்கள் என்று விசாரணையில் தெரிந்தது.

2. சொன்னதைச் சரியாகக் கேள்

1996 நவம்பர் 12 அன்று ஹரியானாவில் சர்க்கி தாத்ரி என்ற ஊருக்கு மேலே சவூதி விமானமும் கஜகஸ்தான் விமானமும் வானத்திலேயே மோதிக்கொண்டன. 349 பேரில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. கஜகஸ்தான் விமானம் 15,000 அடியில் நிற்க வேண்டும். சவூதி விமானம் 14,000 அடியில். ஆனால் கஜகஸ்தான் விமானம் தனக்குச் சொன்ன உயரத்தை விட்டுக் கீழே இறங்கிவிட்டது. அந்த விமானிகளுக்கு ஆங்கிலம் சரியாகப் புரியாததும் ஒரு காரணம் என்று சொல்கிறார்கள்.

அப்போது டெல்லிக்கு வருகிற விமானமும் போகிற விமானமும் ஒரே வழியில்தான் பறந்தன. இந்த விபத்துக்குப் பிறகு வர ஒரு வழி, போக ஒரு வழி என்று பிரித்தார்கள். மோதல் தவிர்க்கும் கருவியையும் கட்டாயம் ஆக்கினார்கள். எதிரே விமானம் வந்தால் அந்தக் கருவி ஒன்றை "மேலே ஏறு" என்றும் மற்றதை "கீழே இறங்கு" என்றும் எச்சரிக்கும்.

3. சின்னவர் சொன்னாலும் கேள்

2010 மே 22 அன்று துபாயில் இருந்து மங்களூர் வந்த விமானம் ஓடுபாதையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்து எரிந்தது. 158 பேர் இறந்தார்கள், 8 பேர்தான் பிழைத்தார்கள். மலைமேல் மேடை மாதிரி வெட்டிய ஓடுபாதை அது, முடிந்த இடத்தில் பள்ளம். வருகிற வழியில் தலைமை விமானி ஒன்றரை மணி நேரத்துக்கும் மேல் தூங்கி இருக்கிறார். அந்தத் தூக்கக் கலக்கமும் ஒரு காரணம் என்றது அறிக்கை. அளவுக்கு மேல் உயரத்தில் இருந்து வேகமாக இறங்கி, ஓடுபாதையில் பாதிக்கு மேல் தாண்டித்தான் விமானம் தரையைத் தொட்டது. துணை விமானி மூன்று தடவை "இறங்க வேண்டாம், மேலே போகலாம்" என்று சொல்லி இருக்கிறார். தலைமை விமானி கேட்கவில்லை.

எழுதி வைத்த பாடத்தைப் படித்தால் மட்டும் போதாது. 10 வருஷம் கழித்து 2020 ஆகஸ்ட் 7 அன்று கோழிக்கோட்டில், அதே மாதிரி மலைமேல் உள்ள ஓடுபாதையில், மழையில் விமானம் பாதி தூரத்தில் தரை தொட்டுப் பள்ளத்தில் விழுந்தது. 21 பேர் இறந்தார்கள். இரண்டு விமானிகளும் அதில் அடக்கம். மறுபடி மேலே ஏறி இருக்க வேண்டும் என்றுதான் இந்த அறிக்கையும் சொன்னது.

நம்ம ஊர் லாரிக்கும் இது பொருந்தாதா?

நம்மில் எத்தனை பேர் விமானத்தில் போவோமோ தெரியாது. ஆனால் நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கம் லாரியோ ரிக் வண்டியோ ஓட்டாத குடும்பம் குறைவு. எங்கள் சித்தப்பாவும் லாரி டிரைவர்தான். வெங்காயம் ஏற்ற நாசிக் வரை போவார். அவரிடம் இதைச் சொன்னேன். "எங்களுக்குத் தூக்கம் வந்தா ஒரு டீயக் குடிச்சுட்டு ஓட்டுன்னுதாம்மா சொல்லுவாங்க. தூங்கிட்டு மெதுவா வான்னு யாரு சொல்றாங்க?" என்றார்.

விமானி இத்தனை மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது, இத்தனை மணி நேரம் ஓய்வு எடுக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. மோட்டார் தொழிலாளிக்கும் ஒரு நாளைக்கு 8 மணி நேரம்தான் வேலை என்று 1961-லேயே சட்டம் போட்டார்கள். ஆனால் ரோட்டில் லாரி மோதினால் டிரைவரை இறக்கி அடிப்பதுதான் முதலில் நடக்கிறது. அவர் எத்தனை ராத்திரி தூங்கவில்லை, பிரேக் சரியாக இருந்ததா, அந்த வளைவில் விளக்கு இருந்ததா என்று யாரும் கேட்பதில்லை. கேட்காததால் அதே வளைவில் அடுத்த வண்டியும் மோதுகிறது.

தப்புச் செய்தவரை விட்டுவிடச் சொல்லவில்லை. அதைப் போலீசும் கோர்ட்டும் பார்க்கட்டும். ஆனால் "ஏன்" என்ற கேள்வியையும் ஒருத்தர் கேட்க வேண்டும் அல்லவா?

நாம் செய்யக் கூடியவை

* வீட்டில் யாராவது வண்டி ஓட்டினால், "சீக்கிரம் வா" என்று போன் செய்யாமல் "தூக்கம் வந்தால் ஓரம் கட்டு" என்று சொல்வோம்.
* கிளீனர் அண்ணன் "மெதுவா போங்க" என்றால் டிரைவர் கோபப்படக் கூடாது. துணை விமானி சொன்னதை நினைத்துக்கொள்ள வேண்டும்.
* விபத்தைப் பார்த்தால் கூட்டம் கூடிச் சண்டை போடாமல், முதலில் 108-க்குப் போன் செய்வோம்.

உங்களுக்குத் தெரியுமா?

★ கருப்புப் பெட்டியின் நிறம் கருப்பு இல்லை, ஆரஞ்சு! சிதைந்த பாகங்களுக்கு நடுவில் சுலபமாகக் கண்டுபிடிக்கத்தான் அந்த நிறம். அதை உருவாக்கிய ஆஸ்திரேலிய விஞ்ஞானி டேவிட் வாரன், சிறுவனாக இருந்தபோது தன் அப்பாவை விமான விபத்தில் இழந்தவர்.

★ விமான நிலையத்தில் இருந்து 10 கி.மீ. சுற்றளவுக்குள் குப்பை, இறைச்சிக் கழிவு கொட்டக் கூடாது என்று விதி உண்டு. கழிவைத் தேடிப் பருந்தும் காக்காவும் வரும், அவை விமான இஞ்சினுக்குள் போனால் ஆபத்து. ஓமலூர் பக்கம் காமலாபுரத்தில் சேலம் விமான நிலையம் இருக்கிறது. அங்கே சொந்தக்காரர்கள் இருந்தால், கோழிக் கழிவை ரோட்டோரம் கொட்ட வேண்டாம் என்று சொல்லுங்கள்.

வெள்ளம் வருமுன் அணை போடு என்பார்கள். வந்த வெள்ளத்தைப் பார்த்தாவது அடுத்த அணையைப் போடுவோம்.



இப்படிக்கு,
9-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி