பாலூட்டும்போது வரும் வலி பொறுத்துக்கொள்வதற்கு அன்று

பிரசவம் முடிந்து வீடு சென்று, நான்கைந்து நாட்களில் கண்டிச் சுற்றுப்புற வைத்தியசாலைகளுக்குத் திரும்பிவரும் இளந்தாய்மார் பலரிடம் ஏறக்குறைய ஒரே நிலைமை காணப்படுகிறது: மார்பகம் கல்லாக இறுகி, காம்பு வெடித்து, சிசுவின் கண்கள் மஞ்சளித்து, துணிப்பைக்குள் திறந்த பால்மாப் பெட்டியும் சூப்பி பொருத்திய போத்தலும் இருக்கும். இது தாய்ப்பாலின் அருமை அறியாத நாடு அன்று. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளில் 82 சதவீதத்தினருக்குத் தாய்ப்பால் மட்டுமே கொடுக்கப்பட்டது. 2020இல் வெளியான உலகத் தாய்ப்பாலூட்டல் போக்குகள் மதிப்பீட்டில் 97 நாடுகளுள் இலங்கை முதலிடம் பெற்றது. தொடங்குவதில் குறையில்லாத இந்த நாட்டில் தாய் தடுமாறுவது வீடு திரும்பிய பின்னரான முதற் பத்து நாட்களில்தான்.

காம்பு வெடிப்பதற்கான காரணம்

முதல் ஓரிரு நாட்களில் சிசு கவ்வும் கணத்தில் சிறிது கூச்சம் தோன்றலாம். பாலூட்டி முடியும் வரை நீடிக்கும் வலி அப்படிப்பட்டதன்று. அது பற்றுகை, அதாவது சிசு மார்பைக் கவ்வும் விதம், பிழைத்துவிட்டதையே பெரும்பாலும் காட்டுகிறது. காம்பின் நுனியை மட்டும் கவ்வும் சிசுவின் வாயில் காம்பு அண்ணத்தோடு நசுங்கிப் புண்ணாகிறது, பால் சரிவர வடியாமல் தேங்குகிறது, சிசுவும் பசியோடு அழுகிறது. வாய் கொட்டாவி விடும் அளவுக்கு அகன்று, கீழுதடு வெளிப்புறம் மடிந்து, தாடை மார்பில் பதிந்து, காம்பைச் சுற்றிய கருவட்டத்தின் கீழ்ப்பகுதி வாய்க்குள் மறைந்திருந்தால் பற்றுகை சரியானது. வலித்தால் சிசுவை இழுத்துப் பிரிக்காமல், சுத்தமான சுண்டுவிரலைக் கடைவாயில் நுழைத்துக் கவ்வலை விடுவித்து, வாய் மீண்டும் அகலத் திறக்கும் வரை காத்திருந்து, குனிந்து மார்பைக் கொடுப்பதற்குப் பதிலாகச் சிசுவை மார்புக்குக் கொண்டுவர வேண்டும். சிசேரியன் தழும்பு நோகும் தாய் ஒருக்களித்துப் படுத்தபடியே இதைச் செய்யலாம்.

மூன்றாம் நான்காம் நாளில் பால் பெருகும்போது மார்பகம் வீங்கிக் கருவட்டமும் விறைத்துவிடுவதால் சிசுவால் கவ்வ முடிவதில்லை. விரல் நுனிகளைக் காம்பைச் சுற்றிப் பதித்து நெஞ்சை நோக்கி ஒரு நிமிடம் மெதுவாக அழுத்தினாலோ, கையால் கொஞ்சம் பால் கறந்தாலோ கருவட்டம் இளகிக்கொடுக்கும்.

வீட்டில் சொல்லப்படுபவை

முதலில் சுரக்கும் மஞ்சள் நிறக் கடும்புப் பாலை, அதாவது சீம்பாலை, கெட்ட பால் என்று பீய்ச்சி ஊற்றும் வழக்கம் வெகுவாகக் குறைந்துள்ள போதிலும் 'பால் போதாது' என்ற பேச்சு குறையவில்லை. அந்த நாட்களில் சிசுவுக்குத் தேவைப்படுவதே சில கரண்டி அளவுதான், அதைச் சீம்பால் நிறைவாகத் தருகிறது. சீனித் தண்ணீர், கற்கண்டுத் தண்ணீர், கொத்தமல்லித் தண்ணீர், நாவில் தடவும் வசம்பு ஆகிய எதற்கும் ஆறு மாதம் வரை இடமில்லை. அவை சிறிய வயிற்றை நிரப்பிப் பசியை மந்தமாக்குவதோடு கிருமியையும் கொண்டுசேர்க்கின்றன. இரவில் ஒரு போத்தல் பால்மா கொடுத்தால் தாய் உறங்குவாள் என்ற யோசனை அன்பினால் பிறப்பதே ஆயினும், சிசு உறிஞ்சாத வேளைகளின் கணக்கில் பால் சுரப்பும் குறைவதால், ஒரு வாரத்தில் உண்மையாகவே பால் போதாமல் போகிறது.

தாய் தண்ணீர் குடித்தால் சிசுவுக்குச் சளி பிடிக்கும் என்று கூறித் தாகத்தோடு அவளை வைத்திருப்பது கொடுமை. சரக்கரைத்த குழம்பு தீங்கற்றது, விரும்பினால் உண்ணட்டும். ஆனால் பத்தியத்தின் பேரில் மீனையும் கீரையையும் பருப்பையும் விலக்குவது பிரசவத்தில் இரத்தம் இழந்த உடலை மேலும் வாட்டுகிறது. மஞ்சள் காமாலைக்கு இளவெயில் காட்டிக் காத்திருப்பது யாவற்றினும் ஆபத்தானது, ஏனெனில் மஞ்சள் அளவு மிகையாகும்போது சிசுவின் மூளையே பாதிக்கப்படலாம். அளவை அறிய ஓர் இரத்தப் பரிசோதனை போதும்.

கட்டிய மார்பகத்தை எண்ணெய் தடவி அழுத்திப் பிசைவது வீக்கத்தை அதிகரிக்கும். பாலூட்டிய பின் குளிர்ந்த ஈரத்துணி வைப்பதே நலம். மார்பகம் சிவந்து காய்ச்சல் வந்தாலும் பாலை நிறுத்தக்கூடாது. அந்தப் பால் சிசுவுக்குத் தீங்கு செய்யாது, நிறுத்தினால் சீழ்க்கட்டி உருவாகும் வாய்ப்பு கூடுகிறது.

பார்மசியில் கேட்டு வாங்கும் மாத்திரை

பால் சுரக்கவென்று டொம்பெரிடோன் மாத்திரையை வைத்தியரிடம் காட்டாமலே வாங்கி விழுங்குவது எவ்விதத்திலும் ஏற்கத்தக்கதன்று. அது இதயத் துடிப்பின் ஒழுங்கைக் குலைக்கக்கூடிய மருந்து. பற்றுகை பிழைத்திருக்கும்போது எந்த மாத்திரையாலும் பயன் விளையாது. வீட்டில் எஞ்சிய அமொக்சிசிலினை மார்புக் காய்ச்சலுக்கு இரண்டு நாள் விழுங்குவதும் அவ்வாறே: அந்நோயை உண்டாக்கும் கிருமிகள் பெரும்பாலும் அதற்கு அடங்குவதில்லை, அரைகுறையாக அமுங்கிய நோய் சீழ் கட்டியபின் கத்தி வைக்க நேரிடுகிறது.

தாமதிக்கக்கூடாத அறிகுறிகள்

சிசு நாளொன்றுக்கு 8 முதல் 12 தடவை பால் குடித்து, ஐந்தாம் நாளிலிருந்து ஆறு தடவைக்குக் குறையாமல் சிறுநீர் கழித்தால் பால் போதுமானது. பிறந்த எடையில் 10 சதவீதத்துக்கு மேல் குறைதல், பாலுக்கு எழாமல் உறங்கிக்கொண்டே இருத்தல், மஞ்சள் கை கால்களுக்குப் பரவுதல், தாய்க்குக் குளிர்காய்ச்சல் ஆகியவற்றில் எது தோன்றினாலும் அன்றே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும்.

தாய்வீட்டுக்குச் செல்வோர் கவனத்துக்கு

குடும்பநல உத்தியோகத்தர், அதாவது பகுதிக்குப் பொறுப்பான மருத்துவமாது, பிரசவத்துக்குப் பின்னரான முதற் பத்து நாட்களில் இரு தடவை வீடு தேடி வர வேண்டும் என்பது நடைமுறை. கண்டி நகரில் பதிவு செய்துவிட்டுக் கலஹாவிலோ தெல்தோட்டையிலோ உள்ள தாய்வீட்டுக்குப் பிள்ளையோடு செல்லும் பெண், அங்கே யாருக்கும் தெரிவிக்காதபோது, இரு இடத்து உத்தியோகத்தர்களின் பார்வையிலிருந்தும் விடுபட்டுப்போகிறாள். லயன் அறையில் அவளுக்கு ஆலோசனை சொல்ல மிஞ்சுவோர் உறவினரும் பக்கத்து வீட்டாரும் மட்டுமே. ஆகவே பிரசவத்துக்கு முன்பே செல்லவிருக்கும் முகவரியைக் கிளினிக்கில் சொல்லி, அப்பகுதி உத்தியோகத்தரின் தொலைபேசி எண்ணை வாங்கி வைக்குமாறு ஒவ்வொரு குடும்பமும் மன்றாடிக் கேட்டுக்கொள்ளப்படுகிறது. கணவன்மாரும் மாமியாரும் பால்மா வாங்கக் கடைக்குப் புறப்படும் முன், அந்த எண்ணுக்கு ஓர் அழைப்பை எடுக்கட்டும். பதில் கிடைக்காவிட்டால், அந்தப் பால்மாவுக்குரிய பணத்தில் ஓர் ஓட்டோ பிடித்து, தாயையும் பிள்ளையையும் பிரசவம் நடந்த விடுதிக்கே அழைத்துச் சென்று, ஒரு தாதியின் கண்முன் பாலூட்டிக் காட்டச் செய்யட்டும்.