முயலுக்கு ஏற்ற வீடு எது?

முயல் வாய் பேசாப் பிராணி. தனக்கு எத்தகைய வீடு வேண்டும் என்று அது சொல்லுமா? சொல்லும்! இருவகைத் தரை அமைத்து நடுவே வழி விட்டால், பிடித்த இடத்தில் போய் அமர்ந்துகொள்ளும். அறிஞர்கள் இவ்வாறே அதன் விருப்பத்தை அறிகின்றனர்.

வைக்கோல் மெத்தையே முயலுக்கு இதமானது என்று நாங்கள் நினைத்திருந்தோம். ஆனால் ஐரோப்பாவில் நடந்த சோதனைகளில், வளரும் முயல்கள் பலவும் வைக்கோலை விட்டுக் கம்பித் தரையையே நாடின. கம்பித் தரையில் புழுக்கை கீழே விழுந்துவிடுவதால் கழிச்சல் நோயும் குறைவு. எனினும் வெறும் கம்பி, பெரிய முயலின் பாதத்தைப் புண்ணாக்கும். ஆகவே கால் ஊன்ற ஒரு பலகை, எழுந்து நிற்க உயரம், கொறிக்க மரக்குச்சி, ஒளிய ஒரு மூலை, தாய் முயலுக்குக் குட்டி போடும் பெட்டி ஆகியவை அவசியம். வழக்கமான கூண்டுகளில் முயல்கள் நடமாட இடமின்றித் தவிப்பதை ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020-இல் எடுத்துரைத்தது.

முயல் வெப்பம் தாங்காது. அதனால்தான் கொடைக்கானல் மேல்மலையில், மன்னவனூர் மத்திய ஆராய்ச்சி நிலையத்தில் முயல்கள் நன்கு வளர்க்கப்படுகின்றன. நம் ஆலத்தூர் நாட்டின் குளிர்ச்சியும் முயலுக்கு ஏற்றதே. மழைச்சாரல் மட்டும் கூண்டில் படக் கூடாது.

தோழியரே, முயல் வளர்க்குமுன் அதன் விருப்பத்தையும் கேட்போம்!