கைப்பேசியும் அலைக்கோபுரமும்



தோட்டப்புறமாயினும் பட்டணமாயினும் இன்று திறன்பேசி இல்லாத வீட்டைக் காண்பது அரிது. செம்பனைக் குலை வெட்டச் செல்லும் தந்தையின் பையிலும் அது உண்டு. பாடம் தேடும் பிள்ளையின் கையிலும் அது உண்டு. எனினும், அது எவ்வாறு விற்கப்படுகிறது, அதன் வேகம் எதனால் அமைகிறது என்பவற்றை அறிந்தோர் சிலரே. அவற்றை எளிய முறையில் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தனி விற்பனை உரிமை

2007-ஆம் ஆண்டு ஜனவரி 9-ஆம் நாள், அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் ஆப்பிள் நிறுவனத் தலைவர் ஸ்டீவ் ஜாப்ஸ் ஐபோன் என்னும் கருவியை உலகுக்கு அறிமுகம் செய்தார். ஜூன் 29-ஆம் நாள் அது விற்பனைக்கு வந்தது. ஆனால், ஏ.டி. அண்டு டி. என்னும் ஒரே தொலைத்தொடர்பு நிறுவனத்தின் சேவையில்தான் அதனைப் பயன்படுத்த முடியும் என்னும் ஏற்பாட்டோடு அது விற்கப்பட்டது. பிற நாடுகளிலும் இம்முறை தொடர்ந்தது. பிரிட்டனில் ஓ2, ஜெர்மனியில் டி-மொபைல், பிரான்சில் ஆரஞ்சு ஆகியவை அவ்வுரிமையைப் பெற்றன. சிங்கப்பூரில் 2008-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் சிங்டெல் நிறுவனமும், மலேசியாவில் 2009-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் மேக்சிஸ் நிறுவனமும் ஐபோனை முதன்முதலாக விற்பனைக்குக் கொண்டு வந்தன.

இதனால் யாருக்கு என்ன பயன்? புதிய கருவியை விரும்புவோர் பிற நிறுவனங்களை விட்டுத் தன்னிடம் வருவர் என்பது தொலைத்தொடர்பு நிறுவனத்தின் எண்ணம். வாங்குவதற்கு ஒருவர் உறுதியாக இருக்கிறார் என்பது கருவி செய்பவருக்குக் கிடைக்கும் துணிவு. தெரிவு செய்யும் உரிமை குறைவது வாங்குபவருக்கு மட்டுமே.

விலையும் கணக்கும்

2008-ஆம் ஆண்டில் ஐபோன் 3ஜி வெளிவந்தது. அதற்குமுன் அமெரிக்காவில் 399 டாலராக இருந்த விலை 199 டாலராகக் குறைந்தது. வேகம் இரு மடங்கு, விலையோ பாதி என்று விளம்பரம் செய்தார்கள். ஆனால், இணையத் தரவுக்கான மாதக் கட்டணம் 20 டாலரிலிருந்து 30 டாலராக உயர்ந்தது. ஒப்பந்தமோ இரண்டு ஆண்டுகளுக்கானது.

மாணவர்களே, நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். மாதம் 10 டாலர் கூடுதல் என்றால், 24 மாதங்களுக்கு 240 டாலர் ஆகிறது. குறைந்த விலையால் மிச்சமானதோ 200 டாலர்தான். ஆகவே, பாதி விலைக்கு வாங்கியவர் முடிவில் 40 டாலர் அதிகமாகவே செலுத்தினார்! முதல்நாள் விலையை மட்டும் பார்த்து மயங்குதல் கூடாது என்பதற்கு இதனினும் சிறந்த பாடம் வேண்டுமோ?

வேகம் என்பது யாது?

தரவின் வேகத்தைப் பிட் என்னும் அலகால் அளக்கிறார்கள். படங்களின் அளவையோ பைட் என்னும் அலகால் குறிக்கிறார்கள். 8 பிட் சேர்ந்தது ஒரு பைட். எனவே, 2 மெகாபைட் அளவுள்ள ஒரு நிழற்படம் 16 மெகாபிட் ஆகும்.

முதல் ஐபோன் எட்ஜ் என்னும் பழைய தலைமுறை அலையில் இயங்கியது. வினாடிக்கு 200 கிலோபிட் என்று கொண்டால், அப்படம் வந்து சேர 80 வினாடிகள் ஆகும். ஐபோன் 3ஜியின் உச்ச வரம்பு வினாடிக்கு 3.6 மெகாபிட். அவ்வேகம் முழுமையாகக் கிடைத்தால் 5 வினாடிக்குள் படம் வந்துவிடும். ஆயினும், ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது அன்றோ? உச்ச வேகம் எல்லார்க்கும் எப்பொழுதும் கிட்டுவதில்லை.

அதன் காரணத்தை அறிவது எளிது. தோட்டத்து வரிசை வீடுகளுக்குப் பொதுவாக ஒரே குழாய் இருப்பதாகக் கொள்வோம். ஒருவர் மட்டும் நீர் பிடித்தால் குடம் விரைவில் நிறையும். பத்துப் பேர் பகிர்ந்து கொண்டால் பத்தாவது குடம் நிறைய நேரமாகும். அலைக்கோபுரமும் அவ்வாறே. ஒரு கோபுரத்தின் ஆற்றலை அதன் எல்லைக்குள் இருப்போர் அனைவரும் பங்கிட்டுக் கொள்கின்றனர். ஏ.டி. அண்டு டி. நிறுவனத்தில் 2007 முதல் 2010 வரை தரவுப் பயன்பாடு 8,000 விழுக்காடு பெருகியதாக அந்நிறுவனமே அறிவித்தது. நியூயார்க், சான் பிரான்சிஸ்கோ போன்ற நகரங்களில் நெரிசலால் சேவை தடுமாறியது. விலையுயர்ந்த கருவி கையில் இருந்தும், கோபுரம் இடங்கொடாததால் பலர் பயனின்றித் தவித்தனர்.

கோபுரத்தின் தொலைவும், இடையில் நிற்கும் மலையும் மரங்களும் அலையின் வலிமையைக் குறைக்கின்றன. 2020-ஆம் ஆண்டு பெருந்தொற்றுக் காலத்தில், சபா மாநிலத்து மாணவி ஒருவர் இணையவழித் தேர்வு எழுதுவதற்காக மரத்தின்மேல் ஏறி அமர்ந்த செய்தியை நாடே அறியும். அவருக்குக் குறையாக இருந்தது கருவியன்று, அலையே.

மாறிய காலம்

தனியுரிமை நெடுநாள் நிலைக்கவில்லை. பிரான்சில் போட்டிக் கண்காணிப்பு மன்றம் 2008-ஆம் ஆண்டு டிசம்பரில் அதனை நிறுத்தி வைத்தது. சிங்கப்பூரில் 2009-ஆம் ஆண்டு டிசம்பரில் பிற நிறுவனங்களும் ஐபோனை விற்கத் தொடங்கின. அமெரிக்காவில் 2011-ஆம் ஆண்டு பிப்ரவரியில் வெரைசன் நிறுவனமும் சேர்ந்து கொண்டது.

அலைகளும் தலைமுறை மாறின. மலேசியாவில் 2021-ஆம் ஆண்டு இறுதியில் 3ஜி சேவை நிறுத்தப்பட்டது; அதே டிசம்பரில் 5ஜி தொடங்கியது. அன்று விரைவுக்குப் பெயர்பெற்ற ஐபோன் 3ஜி இன்று அந்த விரைவைத் தர இயலாது. அது பழுதுபட்டதனால் அன்று. அதற்குரிய அலை மறைந்ததனாலேயே.

ஆகவே பெற்றோர்களே, ஊதியத்தில் மிச்சம் பிடித்துப் பிள்ளைகளுக்குக் கைப்பேசி வாங்குமுன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். ஒப்பந்தம் முடியும்வரை செலுத்தும் மொத்தத் தொகை எவ்வளவு? நாம் வாழும் இடத்தில் எந்த நிறுவனத்தின் அலை நன்கு கிடைக்கிறது? இக்கருவி எந்தத் தலைமுறை அலைகளை ஏற்கும்? அண்டை வீட்டாரின் கைப்பேசியை ஒருகணம் வாங்கிப் பார்த்தாலே இரண்டாவது கேள்விக்கு விடை கிடைத்துவிடும். மாணவர்களே, முதற் கேள்விக்கான பெருக்கல் கணக்கை உங்கள் பெற்றோருக்குச் செய்து கொடுங்கள். பள்ளியில் கற்ற கணக்கு வீட்டுச் செலவைக் காக்குமானால், அதுவே கல்வியின் பயனாகும்.