வியர்வை காயாத ஊரில் மாரத்தான் பயிற்சி

சென்னை போன்ற கடலோர ஊர்களில் மாரத்தானுக்குத் தயாராகிறவர்களுக்கு ஒரு தகவல். வியர்வை வழிவதால் உடல் குளிர்வதில்லை. அது ஆவியாகும்போதுதான் குளிர்கிறது. காற்றில் ஈரம் மிகுந்தால் வியர்வை ஆவியாகாமல் சொட்டிப்போகும். உடற்சூடு ஏறும், இதயத் துடிப்பும் கூடும். ஆகவே கடிகாரத்தைப் பார்த்து வேகம் பிடிக்காமல், மூச்சுக்கு ஏற்றபடி நிதானமாக ஓடுங்கள். தினமும் கொஞ்சம் கொஞ்சமாக வெப்பத்தில் ஓடிப் பழகினால், ஏறத்தாழ 10 முதல் 14 நாட்களில் உடல் இசைந்துவிடும்: வியர்வை சீக்கிரமே சுரக்கும், அதில் வெளியேறும் உப்பும் குறையும். நெடுந்தூர ஓட்டத்தில் வெறும் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடித்தால் இரத்தத்தில் சோடியம் குறையும், அது ஆபத்து. தாகத்துக்கேற்பக் குடியுங்கள், உப்பிட்ட நீர்மோரும் உதவும். தலைசுற்றல், குமட்டல் வந்தால் ஓட்டத்தை நிறுத்தி உடனே நிழலுக்குப் போங்கள்.