எட்டே நாள் இடைவெளியில் இரண்டு கூடைப்பந்து ராணிகள்... தெரியுமா?

1985 ஜூன் 22. தமிழ்நாட்டில் ஒரு பெண் குழந்தை பிறக்கிறது. எண்ணி எட்டே நாள். ஜூன் 30 அன்று மலைக்கு அந்தப்பக்கம், கோட்டயம் மாவட்டத்தில் இன்னொரு பெண் குழந்தை. முதல் குழந்தை அனிதா பால்துரை. இரண்டாவது கீது அன்னா ஜோஸ். இரண்டு பேருமே வளர்ந்து இந்தியப் பெண்கள் கூடைப்பந்து அணிக்குக் கேப்டன் ஆனார்கள். ஒரே வருடம், ஒரே மாதம், ஒரே விளையாட்டு, ஒரே பதவி! நம்ப முடிகிறதா?

கோவிந்தாபுரத்தில் நின்று யோசித்தால் இந்தக் கணக்கு இன்னும் இனிக்கும். பொள்ளாச்சியிலிருந்து கொல்லங்கோடு போகிற வழியில் செக்போஸ்ட்டைத் தாண்டினால் கேரளம். கடைப் பலகையில் மலையாளம், கடைக்காரர் வாயில் தமிழ். அந்தப்பக்கத்து ஆளா, இந்தப்பக்கத்து ஆளா என்று யாரும் யாரையும் கேட்பதில்லை. இங்கே நின்றுகொண்டு 'கீது பெரிய ஆளா, அனிதா பெரிய ஆளா' என்று கேட்டால் ஊரே இரண்டாகப் பிரிந்து வாதாடும். வாதாடட்டும், அதற்கு முன் சில விஷயங்களைக் கேட்டுவிடுங்கள்.

கீதுவின் உயரம் தெரியுமா? ஆறடி இரண்டங்குலம்! சாயங்காலம் மைதானத்தில் பந்து தட்டிக்கொண்டிருந்த ஒரு சிறுமியிடம் சொன்னேன். "எங்கூட்டு நெலப்படியில இடிக்குமே அண்ணா!" என்று கண்ணை அகல விரித்தாள். கூடைப்பந்து வளையம் தரையிலிருந்து சரியாகப் பத்தடி. கீது சும்மா நின்றாலே அவர் தலைக்கும் வளையத்துக்கும் நடுவில் நாலடிகூட இருக்காது.

அது ஏன் பத்தடி? இது எனக்கு மிகவும் பிடித்த கதை. 1891 டிசம்பர், அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரம். ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர், பனிக்காலத்தில் உள்ளரங்கில் ஆட மாணவர்களுக்கு ஒரு விளையாட்டு தேடுகிறார். இரண்டு பெட்டி கிடைக்குமா என்று காவலாளியிடம் கேட்கிறார். பெட்டி இல்லை, பீச் பழக்கூடைதான் இருக்கிறது என்கிறார் அவர். அந்தக் கூடைகளை மாடிக் கைப்பிடியில் ஆணி அடித்து மாட்டினார்கள். அந்தக் கைப்பிடியின் உயரம் பத்தடி! அன்றைக்கு ஒரு மாடி எந்த உயரத்தில் இருந்ததோ, அதே உயரத்தில்தான் இன்றைக்கும் உலகம் முழுக்க வளையம் தொங்குகிறது. இந்தியாவிலேயே முந்திக் காய்க்கும் மாங்காய்க்குப் பேர் போன, கோவிந்தாபுரமும் அடங்கிய முதலமடைப் பஞ்சாயத்தில், பழக்கூடையில் பிறந்த விளையாட்டைப் பிள்ளைகள் ஆடுகிறார்கள் என்பதை நினைத்தால் எனக்குப் புல்லரிக்கிறது.

சரி, போட்டிக்கு வருவோம். இருவரும் எதிரெதிர் அணியா? அங்கேதான் ஆச்சரியம். இருவரும் தெற்கு ரயில்வே ஊழியர்கள்! தேசியப் போட்டியில் மாநில அணிகளோடு ரயில்வேயும் தனி அணியாக இறங்கும். வேலை கொடுத்து வீராங்கனைகளைத் திரட்டி வைத்திருக்கும் பலமான அணி அது. அதாவது, ரயில்வே சட்டையைப் போட்டுக்கொண்டால் கோட்டயத்துப் பெண் கேரளத்தை எதிர்த்து ஆடவேண்டி வரும், தமிழ்ப் பெண் தமிழ்நாட்டை எதிர்த்து ஆடவேண்டி வரும். இருவரும் நிற்பது மட்டும் ஒரே பக்கம்! பொள்ளாச்சி–பாலக்காடு ரயில் முதலமடை ஸ்டேஷனைக் கடக்கிறதே, அந்தத் தண்டவாளமும் அதே தெற்கு ரயில்வேயுடையதுதான்.

அப்படியென்றால் இருவரையும் எதை வைத்து ஒப்பிடுவது? என் கணக்கு இது: கீது தூரத்தை வென்றவர், அனிதா காலத்தை வென்றவர்.

தூரம் எவ்வளவு தெரியுமா? 2006-ல் கீது ஆஸ்திரேலியாவுக்குப் பறந்தார். மெல்போர்ன் புறநகரான ரிங்வுட்டின் ஹாக்ஸ் கிளப்புக்காக 2008 வரை ஆடினார். ஆஸ்திரேலியக் கிளப்பில் ஆடிய முதல் இந்தியப் பெண் அவர்தான். 2011-ல், 25 வயதில், அமெரிக்காவின் பெண்கள் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான டபிள்யூ.என்.பி.ஏ. அவரை ட்ரையல்ஸுக்கு அழைத்தது. ஒன்றல்ல, மூன்று அணிகள்! சிகாகோ ஸ்கை, லாஸ் ஏஞ்சலஸ் ஸ்பார்க்ஸ், சான் ஆன்டோனியோ சில்வர் ஸ்டார்ஸ். ஒப்பந்தம் கிடைக்கவில்லை. அது எனக்கு இன்னும் வலிக்கிறது. ஆனால் அந்தக் கதவு வரை அவருக்கு முன் எந்த இந்தியப் பெண் போனாள், சொல்லுங்கள்?

சிகாகோ ஸ்கை என்ற பெயரை மறக்காதீர்கள். இன்று உலகமே ஒப்பிட்டுப் பேசும் இளம் ஜோடி கெய்ட்லின் கிளார்க்கும் ஏஞ்சல் ரீஸும். அணிகள் புதிய வீராங்கனைகளைத் தேர்ந்தெடுக்கும் 2024 டபிள்யூ.என்.பி.ஏ. டிராஃப்ட்டில் கிளார்க்கை முதல் ஆளாக இந்தியானா ஃபீவர் எடுத்தது. ஏழாவதாக ரீஸை எடுத்த அணி எது தெரியுமா? அதே சிகாகோ ஸ்கை!

இனி அனிதா. 19 வயதிலேயே இந்தியக் கேப்டன்! அந்த வயதில் மற்ற பிள்ளைகள் கல்லூரி பஸ்ஸைப் பிடிக்க ஓடிக்கொண்டிருப்பார்கள். இந்திய அணியில் அவர் ஆடியது 18 ஆண்டுகள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வரும் ஆசியச் சாம்பியன்ஷிப்பில் ஒன்பது முறை ஆடினார். தேசியப் போட்டிகளில் மட்டும் 30 பதக்கங்கள். இதெல்லாவற்றையும்விட என்னை உலுக்குவது வேறு. குழந்தை பெற்ற பிறகு அவர் மைதானத்துக்குத் திரும்பினார். பிரசவத்துக்குப் பின் ஓடுவதும் குதிப்பதும் திரும்பி நிற்பதும் எவ்வளவு பாடு என்று வீட்டில் உள்ள பெண்களைக் கேளுங்கள். 2017-ல் பெங்களூருவில் நடந்த ஆசியக் கோப்பை பி பிரிவு இறுதிப் போட்டியில் இந்தியா கஜகஸ்தானை வீழ்த்தித் தங்கம் வென்றது. ஸ்கோர் 75–73. இரண்டே புள்ளி, அதாவது ஒரே ஒரு கூடை! அந்த அணியில் அனிதா இருந்தார்.

விருதுக் கணக்கும் விசித்திரம். 2014-ல் கீதுவுக்கு அர்ஜுனா விருது. அனிதாவுக்கு அது வரவே இல்லை, ஆனால் 2021-ல் பத்மஸ்ரீ தேடி வந்தது! அர்ஜுனாவும் அவருக்குக் கிடைத்திருக்க வேண்டும் என்றுதான் நான் எவரிடமும் சொல்வேன்.

இதையெல்லாம் சொல்லி முடித்தபோது மைதானத்தில் வெளிச்சம் மங்கிவிட்டது. வளையத்தில் வலை இல்லை, பந்து உள்ளே போனதா வெளியே போனதா என்பதற்கே இரண்டு சண்டை நடந்துகொண்டிருந்தது. அந்தச் சிறுமி பந்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு விரல் விட்டு எண்ணினாள்.

"ஜூன் இருபத்திரண்டு... ஜூன் முப்பது... அண்ணா, எனக்கு ஜூன் இருபத்தாறு!"

சொல்லிவிட்டு வளையத்தைப் பார்த்து ஓடினாள்.