மணலில் ஒரு பூப்பாத்தி



மேலைநாட்டு நாட்காட்டிகளில் வசந்தம் மார்ச் மாதத்தில் பிறக்கிறது. கற்பிட்டி தொடங்கிச் சிலாபம் வரை நீளும் நமது கரையோரத்துக்கு அந்தக் கணக்குப் பொருந்தாது. வடகீழ்ப் பருவமழை ஓய்ந்து, மணல் இன்னும் ஈரம் காத்திருக்கும் சனவரி மாதமே நமது வசந்தத்தின் வாசல். பிள்ளைகளோடு பூப்பாத்தி ஒன்று அமைக்க விரும்பும் பெற்றோருக்கு இதனினும் நல்ல காலம் இல்லை. சனவரி முதல் வாரத்தில் ஊன்றிய சூரியகாந்தி விதை ஏறக்குறைய 70 நாட்களில், தலவில புனித அன்னம்மாள் திருத்தலத்தின் மார்ச் மாதத் திருவிழாவை ஒட்டி மலர்ந்துவிடும்.

மலைப்பொழிவில் ஆண்டவர் வயல்வெளி மலர்களைச் சுட்டிக்காட்டியதை நாம் அறிவோம். அம்மலர்களின் அழகைச் சாலமோனின் மாட்சியோடு ஒப்பிடுமுன், அவை வளரும் விதத்தையே அவர் எடுத்துக்கொள்கிறார். மத்தேயு நற்செய்தியின் கிரேக்க மூலத்தில் அவ்விடத்தில் வரும் வினைச்சொல் வெறும் பார்வையைக் குறிப்பதன்று. ஊன்றிக் கற்றறிவதைக் குறிப்பது. சீடர் என்பதற்குரிய கிரேக்கச் சொல்லும் அதே வேரிலிருந்து பிறந்ததே.

கற்றல் மண்ணிலிருந்து தொடங்கட்டும். நமது மணல் நீரைப் பிடித்து வைக்காது. ஒரு முழ ஆழத்துக்குக் குழி தோண்டி, தென்னந் தும்புத்தூளையும் மக்கிய சாணத்தையும் மணலோடு கலந்து நிரப்புங்கள். தும்புத்தூளில் உப்பு இருக்கும். நன்கு கழுவியே இடவேண்டும். கிணற்று நீர் உவர்ப்பாயின் காசித்தும்பை கருகிவிடும். நித்தியகல்யாணி ஓரளவு தாங்கும். இரசாயன உரத்தை மட்டும் தவிர்த்துவிடுங்கள். கற்பிட்டிக் குடாநாட்டில் நன்னீர், உவர்நீரின் மேல் மிதக்கும் ஒரு படலமாகவே மணலுக்கு அடியில் கிடக்கிறது. பயிர்த்தோட்டங்களில் இடப்படும் உரத்தின் நைத்திரேற்று அந்நீரில் இறங்கியிருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. பாத்திக்கு ஊற்றுவதும் பிள்ளை பருகுவதும் ஒரே கிணற்று நீரல்லவா?

விதைத்த நாளன்றே பிள்ளையின் கையில் ஒரு கொப்பியைக் கொடுங்கள். அந்திமந்தாரை மாலை நான்கு மணியளவில் விரியும். மப்பு மூடிய நாளில் அந்த வேளை மாறுகிறதா என்று அவனே குறிக்கட்டும். இருட்டியபின் அதனை நாடி வரும் அந்துப்பூச்சியைக் காணச் சற்று நேரம் விழித்திருக்கவும் அனுமதியுங்கள். ஒருநாள் பிந்தி உறங்குவதால் கேடொன்றும் வந்துவிடாது. காசித்தும்பையின் முற்றிய காய் விரல் பட்டதும் வெடித்து விதைகளை வீசும். எத்தனை அடி தூரம் வீசுகிறது என்று அளக்கச் சொன்னால், கணிதம் கசக்கும் பிள்ளையும் அடிமட்டத்தைத் தேடி ஓடுவான். வேலியோரத்தில் கேட்பாரற்று நிற்கும் நித்தியகல்யாணிக்குத் தாயகம் மடகாஸ்கர். சிறுவரைத் தாக்கும் இரத்தப் புற்றுநோய்க்கு 1960களிலிருந்து பயன்பட்டுவரும் வின்கிறிஸ்டீன் என்னும் மருந்து இச்செடியிலிருந்து கிடைத்ததே. ஆயினும் அதன் இலையைப் பிள்ளைகள் வாயில் வைக்கலாகாது, நஞ்சு.

செடி ஒன்று வாடினால், பிள்ளை அறியாமல் இரவோடிரவாக வேறொன்றை நட்டுவைக்கும் பெற்றோர் உண்டு. இரக்கத்தால் செய்வதுதான், ஆனால் பாடம் அங்கே பறிபோகிறது. செடியைப் பிடுங்கி, வேர் அழுகியதா, காய்ந்ததா, பூச்சி அரித்ததா என்று சேர்ந்து பாருங்கள்.

அவ்வாறு பாராமல் நட்டதன் விளைவை நமது நாடு பெரிய அளவில் கண்டிருக்கிறது. 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின் கரையோரமெங்கும் கண்டல் நடுகை ஊக்கத்தோடு நடைபெற்றது. 2017இல் வெளியான ஓர் ஆய்வு, இலங்கையில் நடுகை நடந்த 23 இடங்களைப் பரிசீலித்தது. நட்ட 1,000 முதல் 1,200 ஹெக்டேயரில் தப்பியது 200 முதல் 220 ஹெக்டேயர் மட்டுமே. ஒன்பது இடங்களில் ஒரு கன்றுகூட எஞ்சவில்லை. பொருந்தாத நிலமும் பொருந்தாத இனமும் பின்பராமரிப்பு இன்மையுமே காரணங்கள். நட்டவர்களின் நல்லெண்ணத்தில் குறையில்லை. கண்டல் எங்கே, எவ்வாறு வளர்கிறது என்பதை முதலில் கற்கவில்லை.

நமது மாவட்டத்திலேயே இதற்கு மறுபக்கமும் உண்டு. 2001இல் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட ஆனைவிழுந்தான் சரணாலயத்தில், கைவிடப்பட்ட இறால் பண்ணைக் குளங்களுக்கு முதலில் நீரோட்டத்தை மீட்டுக் கொடுத்து, கண்டல் தானாக முளைத்தெழ வழிவிடும் பணி நடைபெற்று வருகிறது.

பூப்பாத்தியில் பழகிய கண்ணோடு பிள்ளையை ஒருநாள் களப்பின் ஓரத்துக்கும் அழைத்துச் செல்லுங்கள். சிலாபத்தை அடுத்த பம்பலையில் 2016ஆம் ஆண்டு யூலை 26ஆம் நாள் திறக்கப்பட்ட கண்டல் அருங்காட்சியகமும் இருக்கிறது. உலகக் கண்டல் தினமான அந்நாளே புனித அன்னம்மாளின் நாளும் ஆகும். அங்குள்ள மரங்களில், தாய்க்கொம்பிலேயே முளைவிட்டு முருங்கைக்காய் போல் தொங்கும் நாற்றுகளைக் காட்டுங்கள். பறிக்க வேண்டாம். கீழே விழுந்து கிடப்பது ஒன்றைப் பிள்ளை கையில் ஏந்தி, எந்த முனை கனக்கிறது என்று தானே கண்டுபிடிக்கட்டும். அந்த முனைதான் சேற்றில் முதலில் இறங்கும்.